தைத்து மூடிய கடைசி அத்தியாயம்

இயேசு மரி சூசை துணை

ஏரியூர்
20.2.2025

அன்புத் தங்கச்சி அஸ்கரிக்கு, மேரி அக்கா எழுதுவது.

இங்கே மாடு, கன்று, நான் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நான் இன்னும் எத்தனை நாளைக்கு என்பதுதான் விஷயம். அடுப்பில் எதுவும் வைத்திருந்தால் இறக்கிவிட்டு வந்து படி.

முதலில் உன்மேல் ஒரு வழக்கு. போன கனகவல்லி துப்பறியும் நாவலின் கடைசி அத்தியாயத்தைப் பச்சை நூலால் தைத்து அனுப்பியிருந்தாய். தருமபுரியில் ஒரே காம்பவுண்டில் குடியிருந்தபோது நாம் போட்ட விதி என்ன? முதலில் படிக்கிறவள் கடைசி அத்தியாயத்தை ஊசி நூலால் தைத்து மூடிவிட வேண்டும். அடுத்தவள் கொலைகாரன் யாரென்று எழுதிக் கொடுத்த பிறகுதான் நூலை வெட்ட வேண்டும். நீ எப்போதும் சிவப்பு நூல்தான் போடுவாய், தையலும் கோணல்மாணலாக இருக்கும். இந்தத் தடவை தையல் நேராக இருக்கிறது, கடிதத்தில் கையெழுத்துதான் கோணிக்கொண்டு போகிறது. ஒரு வரியின் தலைமேல் அடுத்த வரி ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஓடுகிற பஸ்ஸில் எழுதினாயா?

புது நாவல் 'கார்பன் விளக்கு' எங்கே? வழக்கம்போல் ஏரியூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடு. அங்கன்வாடி விட்டு வரும்போது பிளசி வாங்கி வருவாள்.

பிளசியைப் பற்றித்தான் இந்தக் கடிதமே.

இனிகோ ஓசூர் கம்பெனியிலேயே கிடக்கிறான். வீட்டில் நானும் மருமகளும் மட்டும். சாயங்காலம் ஆனால் போனை எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால் போய்விடுகிறாள். கேட்டால் அங்கேதான் டவர் கிடைக்குதுங்க அத்தை என்கிறாள். மடியில் துண்டைப் போட்டு, அதற்குள் எதையோ மறைத்து வைத்துக்கொண்டு பேசுகிறாள், பேசுகிறாள், அப்படிப் பேசுகிறாள்! கண்ணை உருட்டுகிறாள், கையை முறுக்குகிறாள், ஆம்பளை மாதிரி தாடையை ஆட்டுகிறாள்.

காது போனதிலிருந்து எனக்கு உலகமே ஊமைப் படம்தான். அதனால்தானே எனக்குக் கனகவல்லியை அவ்வளவு பிடிக்கும்? டெண்டுக் கொட்டகையில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்கிறவள், படத்தில் நடிக்கிறவர்கள் நிஜமாக என்ன பேசினார்கள் என்று உதட்டைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். அந்த வித்தை எனக்கும் கொஞ்சம் வந்துவிட்டது. நேற்று அடுப்படி ஜன்னலில் நின்று பிளசியின் உதட்டைப் பார்த்தேன். நம் ஊர்ப் பேச்சு மாதிரி வேகமாக இல்லை. ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசினாள், அதனால் தெளிவாகவே தெரிந்தது.

"கிழவி கண்ணை மூடினால் எல்லாம் நம் கைக்கு வந்துவிடும். பாலில் கலந்துவிடு. யாருக்கும் சந்தேகம் வராது."

அஸ்கரி, எனக்குத் தினமும் பால் கொடுப்பவள் அவள்தான். என் மருமகள் என்னைக் கொல்லப் பார்க்கிறாள். எந்த ஆளோடு சேர்ந்து என்பதுதான் தெரியவில்லை. ஐயோ, யாரிடம் சொல்லுவேன்? உன்னைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள்? உடனே பதில் போடு.

இப்படிக்கு,
இதுவரை உயிரோடிருக்கும்
உன் அக்கா லூர்து மேரி


786

தருமபுரி
27.2.2025

மரியாதைக்குரிய மேரி அக்காவுக்கு அஸ்கரியின் சலாம்.

இங்கே அல்லாஹ் காப்பாற்றி வைத்திருக்கிறான். இத்ரீஸ் கடையே கதி என்று கிடக்கிறான். மருமகள் தஸ்லீம் கோலாரில் இருந்து வந்து வருஷக்கணக்கில் ஆகியும் ரசத்தில் வெல்லம் போடுவதை நிறுத்தவில்லை. அதை நான் கொலை முயற்சி என்று எழுதினேனா?

அக்கா, உதட்டுக்குப் பாலும் ஒன்றுதான் மாலும் ஒன்றுதான், இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். நீங்கள் கனகவல்லி இல்லை. அவளே பல தடவை தப்பான ஆளைப் பிடித்துவிட்டுக் கடைசி அத்தியாயத்தில்தான் திருந்துவாள். தயவுசெய்து 'கார்பன் விளக்கு' வந்து சேரும் வரை வாயைத் திறக்காதீர்கள். அதைப் படிக்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். இனிகோவிடம் ஒரு வார்த்தைகூட வேண்டாம்.

புத்தகம் கொஞ்சம் தாமதமாகும். பிறை தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமை நோன்பு. நோன்பு மாதத்தில் நான் கொலைக் கதையைத் தொட மாட்டேன், உங்களுக்குத் தெரியும். பெருநாள் முடிந்துதான் மீதியைப் படிக்க வேண்டும்.

கையெழுத்துக்கு மன்னித்துக்கொள்ளுங்கள். விரலில் வலி.

துவா செய்யும் தங்கை,
அஸ்கரி பேகம்


இயேசு மரி சூசை துணை

ஏரியூர்
12.3.2025

அன்புள்ள அஸ்கரிக்கு,

நோன்பு எப்படிப் போகிறது? இந்த வருஷம் உனக்கு ரம்ஜானும் எனக்குத் தவக்காலமும் சேர்ந்து வந்துவிட்டன. நீ தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கிறாய். நான் பால் குடிக்காமல் இருக்கிறேன்.

ஆமாம், நிறுத்திவிட்டேன். திருநீற்றுப் புதனன்று பிளசியிடம், "தவக்காலம் முடியற வரைக்கும் பால் ஒறுத்தல்டி" என்றேன். ஆண்டவர் பெயரில் பொய். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன், உயிர் இருந்தால்தானே பாவத்தைச் சொல்ல முடியும்? அப்படியும் தம்ளரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாள். நான் பூனைக்கு ஊற்றிவிடுகிறேன். பூனை கொழுத்துக்கொண்டு வருகிறது. மெதுவாக வேலை செய்கிற மருந்தாக இருக்கும்.

இன்னொன்றும் நடக்கிறது. உனக்குக் கடிதம் போட்ட கொஞ்ச நாளிலேயே அவள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். பிறகு மாதம் பிறந்ததும் கொட்டாய்ப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டாள். நான் கவனிக்கிறேன் என்று அவளுக்கு யார் சொன்னது? போன ஞாயிறு பூசையில் என் பக்கத்தில் முழந்தாளிட்டு அழுதாள். என்னடி என்று கேட்டதற்கு, "ஒண்ணும் இல்லைங்க அத்தை, தூசு" என்றாள். உதட்டில் படித்துவிட்டேன். கோயிலுக்குள் ஏது தூசு? மனசாட்சி குத்தியிருக்கும்.

நீ மாலும் பாலும் என்று கேலி செய்தாய். எனக்குக் கோபம்தான். சாகப்போகிறவளிடம் யாராவது எழுத்து விளையாட்டு விளையாடுவார்களா?

உன் அக்கா,
லூர்து மேரி


786

தருமபுரி
20.3.2025

மேரி அக்காவுக்கு,

சண்டை வேண்டாம். நோன்பு வாயோடு சொல்கிறேன், அந்தப் பெண்ணின் கையால் எது கொடுத்தாலும் வாங்கிக் குடியுங்கள். அதில் விஷம் இருந்தால் அந்தப் பாவம் என் தலையில் விழட்டும்.

பெருநாளுக்குப் பிறகு சேலத்துக்கு ஒரு வேலையாகப் போகிறேன். போய்வந்ததும் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள் அக்கா. எனக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அஸ்கரி


இயேசு மரி சூசை துணை

ஏரியூர்
3.4.2025

அஸ்கரி பேகத்துக்கு,

அன்புள்ள என்று எழுத மனசு வரவில்லை. ஏனென்று சொல்கிறேன்.

கொஞ்ச நாளாகப் பிளசி ஒரு புதுப் பழக்கம் வைத்திருக்கிறாள். பால் தம்ளரைக் கொண்டுவந்து என் எதிரில் நிற்பாள். என் கண்ணைப் பார்த்துக்கொண்டே ஒரு வாய் குடிப்பாள். பிறகு முந்தானையால் விளிம்பைத் துடைத்துவிட்டு, "இப்பக் குடிங்க அத்தை" என்று நீட்டுவாள். அவள் என்ன குழந்தையா, எச்சில் பண்ணிக் கொடுக்க? நான் எதற்காகப் பாலை ஒதுக்குகிறேன் என்று தெரிந்தவள்தான் அப்படிச் செய்வாள். அந்தக் காரணத்தை நான் இந்த உலகத்தில் ஒருத்தியிடம்தான் சொன்னேன். அவள் தருமபுரியில் இருக்கிறாள்.

நீதான் சொல்லியிருக்கிறாய். நீ சொல்லாமல் அவளுக்கு எப்படித் தெரியும்?

நானும் யோசித்துப் பார்த்தேன். முன்னெல்லாம் எழுதும்போது "உங்க மருமக" என்பாய். இப்போது "அந்தப் பெண்" என்று உருகுகிறாய். பெருநாளுக்குக் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பிய பையில் எனக்கு இனிப்பு, அவளுக்குப் புடவை! எந்த உறவில் அவளுக்குப் புடவை எடுத்தாய்? அதைப் பிரித்துப் பார்த்து அவள் மறுபடியும் அழுதாள்.

இன்னும் பெரிய சந்தேகம் ஒன்று இருக்கிறது. இந்தக் கோணல் கையெழுத்து உன்னுடையதுதானா? இல்லை, என் மருமகள் இடது கையால் எழுதி எனக்கே தபாலில் போடுகிறாளா? என் அஸ்கரி உயிரோடு இருக்கிறாளா? நீ அஸ்கரிதான் என்றால் இதற்குப் பதில் சொல். முதல் கனகவல்லி நாவலில் நான் யாரைக் கொலைகாரி என்று எழுதிக் கொடுத்தேன்? அது நம் இரண்டு பேருக்கும்தான் தெரியும்.

பெரிய வியாழனன்று இனிகோ வருகிறான். அவனிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன், போனில் ஆளோடு பேசுகிறாள் என்பதையும் சேர்த்துத்தான். பிறகு ஒன்று அவள் தன் அம்மா வீட்டுக்குப் போகட்டும், இல்லையென்றால் நான் கடத்தூரில் என் தம்பி யாகப்பன் வீட்டுக்குப் போகிறேன். ஒரு கூரைக்குக் கீழே இரண்டு பேர் இனி இருக்க முடியாது.

லூர்து மேரி


786

தருமபுரி
9.4.2025

என் மேரி அக்காவுக்கு,

மருமகளை.

முதல் நாவலில் மட்டுமா? எல்லா நாவலிலும் நீங்கள் மருமகளைத்தான் சொன்னீர்கள். மருமகளே இல்லாத கதையில்கூட, "இவ யாருக்காவது மருமகளாத்தான இருக்கணும்" என்று ஒரு நர்ஸைப் பிடித்துக் கொடுத்தீர்கள். ஒரு தடவைகூடச் சரியாக வந்ததில்லை. இப்போது நம்புகிறீர்களா, நான்தான் அஸ்கரி என்று?

இனி கேளுங்கள். எனக்குக் கண் போய்விட்டது அக்கா.

சர்க்கரைதான் காரணம். இரண்டு கண்ணிலும் ரத்தம் கசிந்து, போன வருஷம் மழைக்காலத்திலேயே எழுத்து கலைய ஆரம்பித்தது. இப்போது வெளிச்சம் தெரிகிறது, ஆள் நிற்பது தெரிகிறது, அவ்வளவுதான். காகிதத்தின்மேல் அடிஸ்கேலை வைத்து, அதன் ஓரத்தில் விரலைத் தடவிக்கொண்டே இதை எழுதுகிறேன். ஸ்கேல் நகர்ந்தால் வரி ஏறிவிடும். எழுதியதைத் திரும்பிப் பார்க்க முடியாது.

ஏன் மறைத்தேன் என்று கேட்பீர்கள். உங்களுக்குக் காது கேட்காது, போனில் பேச வழியில்லை. எனக்குக் கண் இல்லையென்றால் கடிதத்துக்கும் வழியில்லை. பிறகு நமக்குள் என்ன மிச்சம் இருக்கும்? அந்தப் பயம்தான் அக்கா. நீங்களாகவே "பாவம், அவளை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்" என்று எழுதுவதை நிறுத்திவிடுவீர்கள். ரம்ஜான் முடிந்ததும் சேலத்தில் ஊசி போட்டால் தெளியலாம் என்றார்கள். தெளிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். போட்டுவிட்டு வந்தேன். தெளியவில்லை.

எங்கள் வீட்டுக்கு வெளியே பிளசிக்கு மட்டும் தெரியும். ஒருநாள் ஏதோ விசாரிக்க எனக்குப் போன் செய்தாள், பேச்சுவாக்கில் என் வாயிலிருந்து வந்துவிட்டது. அவள்தான், "நான் வாசிச்சுக் காட்டட்டுங்களா சின்னத்தை?" என்றாள். அன்றிலிருந்து இத்ரீஸ் புத்தகத்தை வாங்கி நேராகக் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவான். அவள் எனக்குப் போனில் வாசித்து முடித்துவிட்டு, கடைசி அத்தியாயத்தைத் தன் பச்சை நூலால் தைத்து உங்களிடம் கொடுப்பாள். அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறவள் இல்லையா? வில்லன் பேசினால் வில்லன் குரல், கிழவி பேசினால் கிழவி குரல். நீங்கள் ஜன்னலில் பார்த்தது அதைத்தான். மடியில் துண்டுக்குள் இருந்தது 'கார்பன் விளக்கு'. பாலில் கலந்துவிடு என்று சொல்வது அந்தக் கதையில் வரும் கொட்டகை மேனேஜர். உதட்டைச் சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள்.

யாரிடமும் சொல்லக் கூடாது என்று மாதாவின் பெயரில் அவளிடம் சத்தியம் வாங்கியவள் நான்.

இனி எழுதப்போவதை உட்கார்ந்து படியுங்கள். உங்கள் கடிதங்களை எனக்கு யார் வாசிக்கிறார்கள் என்று யோசித்தீர்களா? தஸ்லீமுக்குக் கன்னடம் தெரியும், தமிழ் எழுத்து தெரியாது. இத்ரீஸ் முதல் வரியைப் பார்த்துவிட்டு, "நல்லாருக்காங்களாம்மா" என்று மடித்துக் கொடுத்துவிடுவான். அதனால் கவர் வந்ததும் தஸ்லீம் பிரித்து, போனில் படம் எடுத்து, பிளசிக்கு அனுப்புவாள். பிளசிதான் வாசிப்பாள். எல்லாக் கடிதத்தையும்.

"என் மருமகள் என்னைக் கொல்லப் பார்க்கிறாள்" என்ற இடம் வந்தபோது குரல் நின்றது. தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு அந்த வரியை முதலில் இருந்து திரும்ப வாசித்தாள். ஒரு சொல்லை விடவில்லை. "வேண்டாம் புள்ள, நிறுத்து" என்று நான் அழுதேன். "அத்தை உங்களுக்குத்தான எழுதியிருக்காங்க, முழுசாக் கேளுங்க" என்றாள். போன கடிதத்தில் ஆளோடு பேசுகிறாள் என்று எழுதியிருந்தீர்களே, அதையும் வாசித்தாள்.

நான் சொல்லிவிடுகிறேன், உன் சத்தியத்தை விட்டுவிடு என்று எத்தனையோ தடவை சொன்னேன். "சின்னத்தை, அத்தைக்கு மனசுவிட்டுப் பேச நீங்க ஒருத்தர்தாங்க. ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்து நீங்களாச் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் தாங்கிக்கறங்க" என்றாள். அந்தப் பெண் என்று நான் உருகாமல் வேறு யார் உருகுவது? புடவை எடுத்ததற்கு உறவு வேண்டுமா?

'கார்பன் விளக்கு' பிளசியிடம் இருக்கிறது. கடைசி அத்தியாயத்தை நான் கேட்கவில்லை, கேட்க மனசில்லை. தைக்கச் சொல்லியிருக்கிறேன். இனிகோ வருவதற்குள் வாங்கிப் படியுங்கள். அதற்குப் பிறகும் எனக்கு எழுதுவதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம்.

உங்கள்,
அஸ்கரி


இயேசு மரி சூசை துணை

ஏரியூர்
15.4.2025

என் தங்கமே அஸ்கரி,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. எழுதி முடித்ததும் பிளசி கையில் கொடுக்கப்போகிறேன். கொட்டாய்க்குப் பின்னால் இரண்டு நாற்காலி போட்டிருக்கிறேன். அவள் போனைப் பிடித்துக்கொண்டு உனக்கு வாசிப்பாள், நான் எதிரில் உட்கார்ந்து அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

குருத்து ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் புத்தகத்தைப் பிரித்தேன். மேனேஜர் பேசுகிற இடம் வந்தது. கிழவி கண்ணை மூடினால் எல்லாம் நம் கைக்கு வந்துவிடும், பாலில் கலந்துவிடு, யாருக்கும் சந்தேகம் வராது. ஒரு எழுத்து மாறவில்லை. அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பூனை வந்து காலைச் சுற்றியது. அதற்கு எத்தனை தம்ளர் நல்ல பாலை ஊற்றியிருக்கிறேன்!

உன் கண்ணைப் பற்றி நான் என்ன எழுதுவேன்? என்மேல் உனக்கு நம்பிக்கை இல்லாமல் போனதே என்று முதலில் கோபம் வந்தது. பிறகு, கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை என்று தோன்றியது. உனக்கு எழுதுவதை நான் நிறுத்துவேனா பைத்தியக்காரி? சாகிற வரைக்கும் எழுதுவேன். உயிர்ப்பு ஞாயிறு முடிந்து நானே பஸ் ஏறி வருகிறேன். நீ பேசு, நான் உதட்டைப் பார்க்கிறேன். நான் பேசினால் உனக்குத்தான் காது கேட்குமே. இதை இத்தனை நாளாக இரண்டு பேரும் யோசிக்காமல் போனோமே!

இனி எழுதுவது உனக்கு இல்லை அஸ்கரி. நீ சும்மா கேட்டுக்கொண்டிரு.

பிளசி, இந்த இடம் வந்தால் நீ நிறுத்துவாய் என்று தெரியும். நிறுத்தாதே. உன்னைப் பற்றி நான் எழுதிய கேவலத்தை எல்லாம் முழுசாக வாசித்தவள், இதையும் முழுசாக வாசி.

உன் முகத்தைப் பார்த்து வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து உன் பின்னாலேயே சுற்றுகிறேன். நான் பொல்லாதவள். என் பயத்துக்கு உன்னைப் பலி கொடுக்கப் பார்த்தேன். ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லக் கூடாததைச் சொன்னேன், அதையும் உன் வாயாலேயே வாசிக்க வைத்தேன். தெரியாது என்று சொன்னால் சரியாகிவிடுமா? ஆகாது. மன்னிப்பதும் மன்னிக்காததும் உன் இஷ்டம். அம்மா வீட்டுக்குக் கொஞ்ச நாள் போய்வர வேண்டும் என்றாலும் போய்வா. வியாழக்கிழமை இனிகோ வந்ததும் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன், தப்பு யாருடையது என்பதையும் சேர்த்து.

முதல் கடிதத்தை வாசிக்கும்போது தண்ணீர் குடித்தாயாமே. உன் நாற்காலிக்குப் பக்கத்தில் சொம்பு வைத்திருக்கிறேன், பார். குடித்துவிட்டு வாசி. அழுகை வந்தால் அழு. முகத்தை மட்டும் திருப்பிக்கொள்ளாதே, எனக்குக் கேட்காது.

கடைசி அத்தியாயத்தின் நூலை நான் வெட்டவில்லை. கத்தரிக்கோல் புத்தகத்தின்மேல் இருக்கிறது. மனசு இருந்தால் வெட்டி வாசி. அவள் காதால் கேட்கட்டும், நான் கண்ணால் கேட்கிறேன்.

அஸ்கரி, விதி விதிதான். கொலைகாரன் யாரென்று முதலில் நான் எழுதிக் கொடுக்க வேண்டும். யாரென்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் இந்தத் தடவை மருமகள் இல்லை.

உங்கள் இருவருக்கும்,
லூர்து மேரி